மொழி முதலா, வேலை முதலா?

புது நாட்டில் கால் வைத்தவருக்கு முதல் வாரத்திலேயே இரண்டு கவலைகள் சேர்ந்து வருகின்றன. பேச மொழி வேண்டும், பிழைக்க வேலை வேண்டும். எதை முதலில் கொடுப்பது என்ற கேள்விக்கு ஜெர்மனி கடந்த எழுபது ஆண்டுகளில் ஒன்றுக்கொன்று மாறான விடைகளைச் சொல்லியிருக்கிறது. அந்த அனுபவத்தைப் பார்த்தால், இரண்டையும் ஏன் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது விளங்கும்.

முதல் விடை, வேலை மட்டும். ஆள் பற்றாக்குறையில் தவித்த மேற்கு ஜெர்மனி 1955-இல் இத்தாலியோடும் 1961-இல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தது. வந்தவர்களை ‘விருந்தினர் தொழிலாளர்கள்’ என்றார்கள். சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள் என்பது கணக்கு. திரும்பிப் போகிறவருக்கு மொழி எதற்கு என்று யாரும் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. சுரங்கத்திலும் கார்த் தொழிற்சாலையிலும் கையால் செய்து காட்டினாலே வேலை நடந்தது. 1973-இல் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். போனால் மறுபடி வர முடியாது என்று தெரிந்ததும் பலர் அங்கேயே தங்கி, குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டார்கள். பிற்பாடு சுரங்கங்களும் ஆலைகளும் மூடப்பட்டபோது அவர்களிடம் அனுபவம் இருந்தது. அதை இன்னொரு முதலாளியிடம் எடுத்துச் சொல்ல மொழி இல்லை.

அடுத்தது இதைவிட மோசம்: மொழியும் இல்லை, வேலையும் இல்லை. 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் மாட்டிக்கொண்டது இந்தக் காலத்தில்தான். புகலிடம் கேட்டவர் வேலை பார்க்கத் தடை இருந்தது. 1987-இல் அதை ஐந்தாண்டு வரை நீட்டினார்கள். 1991-இல்தான் நீக்கினார்கள். வழக்கு முடியும்வரை விடுதி அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனையோ பேர் பிறகு உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவித்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். இருபது வயதில் ஒருவரைச் சும்மா உட்காரவைத்த ஆண்டுகளை எந்தத் திட்டமும் திருப்பித் தராது.

2005 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டம் மூன்றாவது விடையைச் சொன்னது: முதலில் மொழி. ‘ஒருங்கிணைப்பு வகுப்பு’ என்ற அந்தத் திட்டத்தில் இப்போது 45 நிமிடப் பாடவேளைகள் 600 மொழிக்கு, 100 நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறை பற்றி. எட்ட வேண்டிய நிலை, ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி1. வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதவும், மருத்துவரிடம் வலியைச் சொல்லவும், அலுவலகப் படிவம் நிரப்பவும் வரும் என்பது அதன் பொருள். தமிழோ அரபியோ படிக்கத் தெரிந்து ரோமன் எழுத்து தெரியாதவர்களுக்குத் தனி வகுப்பும் உண்டு. ஆனால் புகலிட வழக்கு நிலுவையில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்குக்கூட 2015 அக்டோபரில்தான் இந்தக் கதவு திறந்தது.

நல்ல திட்டம்தான். சிக்கல் வகுப்பு முடிந்த மறுநாள் தொடங்குகிறது. முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை ஷிப்ட் மாறும்போது, இரவுப் பணியாளர் நின்றபடியே பத்துப் பன்னிரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவார். இவர் தண்ணீர் குடிக்கவில்லை, அவர் குதிகாலில் தோல் சிவந்திருக்கிறது, மூன்றாம் அறைக்காரருக்கு மாத்திரை மாற்றியிருக்கிறது. பேச்சு வேகமாக இருக்கும், வட்டார வழக்கு கலந்திருக்கும், பாதி சுருக்கச் சொற்களாக இருக்கும். கேட்டதை அன்று மாலை கணினியில் பிழையில்லாமல் பதிய வேண்டும். சிவந்த குதிகாலைத் தவறவிட்டால் அது படுக்கைப் புண்ணாகும். வீடு, கடை, அஞ்சலகம் என்று போகும் பாடப்புத்தகத்தில் இது எதுவும் இல்லை. வேலை நடக்கும் இடத்தில்தான் இதைக் கற்றுக்கொள்ள முடியும்.

இதை உணர்ந்துதான் 2016 ஜூலையில் ‘தொழில்மொழி வகுப்புகள்’ வந்தன. பி1-க்கு மேல் பி2, சி1 என்று போகும் அவற்றில் செவிலியருக்கும் மருத்துவருக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. சொந்த நாட்டில் வாங்கிய சான்றிதழை மதிப்பிட்டு ஏற்க 2012-லேயே ஒரு சட்டம் வந்திருந்தது. 2023 அக்டோபரில், உக்ரைனிலிருந்து வந்தவர்களை முக்கியமாக மனதில் வைத்து, அரசு இன்னொரு அடி வைத்தது. ஒருங்கிணைப்பு வகுப்பு முடிந்ததும் நேரே வேலைக்குப் போங்கள், மீதி மொழியை வேலையோடு படியுங்கள் என்றது. பணியிடத்திலேயே நடத்தும் குறுகிய வகுப்புகளும் இதன் பின்னால் வந்தன.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். ‘சீக்கிரம் வேலை’ என்பது ‘எந்த வேலையானாலும் சரி’ என்று சரிந்துவிடக்கூடாது. கணக்கு ஆசிரியையாக இருந்தவரைத் துப்புரவு வேலையில் சேர்த்தால் புள்ளிவிவரத்தில் ஒரு வேலையில்லாதவர் குறைவார். எட்டு மணி நேரம் தனியாகத் தரை துடைப்பவர் யாரோடு பேசி மொழி பழகுவார்? மாலையில் களைத்து வகுப்புக்கு வருபவரின் தலையில் என்ன ஏறும்? வேலை தேடித் தரும் அலுவலர் முதலில் கேட்க வேண்டியது, இந்த வேலையில் இவர் பேச வேண்டியிருக்குமா என்பதுதான்.

சேர்த்துக் கற்பிப்பதை உண்மையாகவே செய்து காட்டிய ஓர் இடம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம். அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளில் ‘ஐ-பெஸ்ட்’ என்ற முறையை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்தார்கள். ஒரே வகுப்பறையில் இரண்டு ஆசிரியர்கள்: ஒருவர் தொழில் சொல்லித் தருவார், மற்றவர் மொழி. வகுப்பு நேரத்தில் குறைந்தது பாதியிலாவது இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்பது விதி. ஊசி போடும் முறையை ஒருவர் விளக்கும்போது, நோயாளியிடம் அதை எப்படிச் சொல்லி அனுமதி கேட்பது என்பதை மற்றவர் அங்கேயே பழக்கலாம். செலவு கூடுதல்தான். ஆனால் ஆங்கிலம் முழுதாக வரும்வரை தொழிற்கல்வியின் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை.

வகுப்பறைக்கு வெளியேயும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்குக் காப்பகத்தில் இடம் கிடைக்காவிட்டால் 600 பாடவேளையும் காகிதத்தில்தான் இருக்கும். முதலாளி படிப்புக்கென்று வேலை நேரத்தில் இடம் விட வேண்டும், சம்பளத்தைக் குறைக்காமல். சின்ன நிறுவனங்களுக்கு அது கடினம் என்பதால், அரசு அதில் பங்கு போடுவது நியாயம்.

இந்த நிலையில், தேர்வில் பி1 எட்டாதவர்கள் மீண்டும் படிக்கக் கிடைத்த கூடுதல் 300 பாடவேளைகளை ஜெர்மனி 2024 இறுதியில் பெரும்பாலானோருக்கு நிறுத்திவிட்டது. பணம் மிச்சம் என்பது காரணம். முதல் முறை தவறியவர்களில் அதிகம் படிக்காதவர்களும், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடியவர்களும்தான் மிகுதியாக இருப்பார்கள். வெட்டவே வேண்டுமென்றால் வேறு எங்கேயாவது வெட்டியிருக்கலாம்.