கெம்பஸுக்குப் பெயர் வருவது எப்படி?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் மட்டக்களப்பு வீடுகளில் எழும் முதல் கேள்வி, "கெம்பஸ் கிடைக்குமா?" அடுத்தது, "எந்தக் கெம்பஸ்?" பேராதனை என்றால் ஒரு முகம், வந்தாறுமூலை என்றால் இன்னொரு முகம். உலகத் தரவரிசையைப் புரட்டிப் பார்த்துவிட்டு யாரும் இப்படி முகம் மாறுவதில்லை. பிறகு இந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது?

வெளிநாடுகளில் இதற்கென்றே முத்திரைகள் உண்டு. அமெரிக்காவின் ஐவி லீக், எட்டுப் பல்கலைக்கழகங்கள் 1954இல் முறைப்படுத்திக்கொண்ட விளையாட்டுக் கூட்டமைப்பு. எம்.ஐ.டி.யும் ஸ்டான்போர்டும் அதில் இல்லை. அதனால் அவற்றுக்கு ஒரு குறையும் வரவில்லை. பிரித்தானியாவின் ரசல் குழுமம் 1994இல் உருவானது. லண்டனில் துணைவேந்தர்கள் கூடிப் பேசிய ரசல் ஹோட்டலின் பெயரே குழுமத்துக்கும் ஒட்டிக்கொண்டது. இன்று 24 உறுப்பினர்கள். 1413இல் தொடங்கிய சென் அன்ட்ரூஸ் அதில் இல்லை. ஆனால் கார்டியன் நாளிதழின் 2023ஆம் ஆண்டுக்கான பட்டியலில் ஒக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் தாண்டி முதலிடம் பிடித்தது அதுதான். யார் யாரோடு கூட்டுச் சேர்ந்தார்கள் என்பதற்கு மேல் இந்த முத்திரைகள் அதிகம் சொல்வதில்லை.

இலங்கையில் அப்படியொரு முத்திரையும் கிடையாது. அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை 1978ஆம் ஆண்டின் ஒரே சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. இங்கே முத்திரையின் வேலையைச் செய்வது வெட்டுப்புள்ளி. இசட் புள்ளி கூடிய பிள்ளை விண்ணப்பத்தில் கொழும்பையோ பேராதனையையோ முதலில் போடும். அதனால் அங்கே வெட்டுப்புள்ளி ஏறும். ஏறியதைப் பார்த்து அடுத்த வருடப் பிள்ளையும் அதையே முதலில் போடும். எந்த இடத்துக்கு எவ்வளவு போட்டி என்பது அதில் தெரியும். உள்ளே எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்பது தெரியாது.

வயதும் சேர்ந்துகொள்கிறது. பேராதனையின் வேர் 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்ததோ 1981 ஆகஸ்டில், அதுவும் பேராதனையோடு இணைந்த கல்லூரியாக. 1986 ஒக்டோபரில்தான் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. நான்கே வருடத்தில், 1990இல், போரால் வளாகம் அகதி முகாமாயிற்று. அந்த முகாமிலிருந்து 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போனார்கள். 2006 டிசம்பரில் பதவியிலிருந்த உபவேந்தரே கொழும்பில் காணாமலாக்கப்பட்டார். மற்றப் பல்கலைக்கழகங்கள் ஆய்வாலும் பழைய மாணவர்களாலும் பெயர் எடுத்த காலத்தில் இங்கே வாசலைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடு. எந்தத் தரவரிசைச் சூத்திரத்திலும் இதற்கு இடம் இல்லை.

பெயர் எப்போதும் கட்டடத்திலிருந்து மனிதருக்குப் போவதும் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் பிறந்தது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளை 1931இல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. இரண்டு வயதுப் பல்கலைக்கழகத்துக்கு அவரால் கிடைத்த மதிப்பை எந்தக் கூட்டமைப்பும் கொடுத்திருக்காது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. கல்லடியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அழகியற் கற்கைகள் நிறுவகம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. இசையும் நடனமும் படிக்க வாவிக்கரைக்கு வரும் பிள்ளைகள் பட்டியல் பார்த்து வருவதில்லை.

தொழிற்கல்விக்கு வந்தால் பெயரின் பலம் இன்னும் குறைகிறது. கிழக்கில் மருத்துவம் முடித்தவரும் கொழும்பில் முடித்தவரும் உள்ளகப் பயிற்சி நியமனத்துக்கு நிற்பது ஒரே பொதுத் தகுதிப் பட்டியலில். ஆகவே விண்ணப்பத்தை நிரப்பும் பெற்றோரே, பிள்ளைகளே, போன வருட வெட்டுப்புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள். நீங்கள் சேர நினைக்கும் துறையில் எத்தனை நிரந்தர விரிவுரையாளர்கள், ஆய்வுகூடம் எப்படி, தொழில் அமைப்பின் அங்கீகாரம் உண்டா, முன்பு முடித்தவர்கள் இன்று எங்கே என்று அங்கே படிக்கும் ஒருவரிடம் கேட்டுவிட்டு விருப்ப வரிசையைப் போடுங்கள்.