நிலாவிலிருந்து விழுந்த மோயாங் மெலூர்: பூர்வகுடிக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்வோமா?

பாதி மனிதன், பாதி புலி. பெயர் மோயாங் மெலூர். இருப்பது நிலாவில். மனிதர்கள் ஒழுங்காக வாழ்வதற்கான விதிகள் எல்லாம் அவரிடம்தான் இருந்தன. அவை தெரியாததால் பூமியில் ஒரே அடிதடி. ஒருநாள் அதை எட்டிப் பார்த்தவர், தவறிக் கீழே விழுந்துவிட்டார். திரும்பப் போக முடியாவிட்டால் எல்லாரையும் கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார். சியாமாங் என்ற வேட்டைக்காரர் ஒரு கொடியை நிலா வரை வீசி, அவரை ஏற்றிக்கொண்டுபோய் விட்டார். அங்கே அந்த விதிகளை அறிந்துகொண்டு, தப்பி வந்து மக்களுக்குச் சொன்னார்.

ஐந்து வயதுப் பிள்ளை வாய் பிளந்து கேட்கும் இக்கதை, சிலாங்கூர், பந்திங்கை அடுத்த கேரித் தீவில் வாழும் மா மெரி மக்களுடையது. செம்பனைத் தோட்டங்கள் நிறைந்த அத்தீவில் தமிழர்களும் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். ஆனால், அண்டை வீட்டாரின் கதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 'சக்காய்' என்ற சொல் மட்டும் தெரிந்திருக்கும். அது பூர்வகுடியினரை இழிவுபடுத்தும் சொல். பிள்ளைகள் அதைப் பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்துதான் கற்கிறார்கள்.

ஆகவே, கதைக்கு முன் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 18 பூர்வகுடி இனங்கள் உள்ளன. "காட்டுவாசிகளின் கதை" என்று பொதுவாகச் சொல்லாமல், "இது மா மெரி மக்கள் சொல்லும் கதை" என்று தொடங்கலாம். "முன்னொரு காலத்தில் வாழ்ந்தவர்கள்" என்பதும் தவறு. அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள்.

அடுத்தது முகமூடி. மா மெரி ஆண்கள் சதுப்பு நிலத்தில் வளரும் 'நீரே பத்து' என்ற சிவந்த மரத்தில் மோயாங் உருவங்களைச் செதுக்குகிறார்கள். மோயாங் என்றால் மூதாதையர் ஆவி. அவர்களை வணங்குவதற்கென்றே ஹரி மோயாங் என்ற நாள் உண்டு. பாலர் பள்ளியில் அட்டையில் முகமூடி வெட்டி, மாட்டிக்கொண்டு கூச்சலிட்டு ஆடவிடுவது எளிது. நம் குலதெய்வத்தை, முனீஸ்வரரை யாராவது அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்? முகமூடியின் படத்தைக் காட்டி, அது யார், என்ன செய்தார் என்று பிள்ளைகளைப் பேசவிட்டாலே போதும்.

கைவேலை வேண்டுமென்றால் ஓலை இருக்கிறது. மா மெரி பெண்கள் நீப்பா ஓலையை மடித்துப் பின்னி அலங்காரங்கள் செய்வதில் கைதேர்ந்தவர்கள். நம் வீட்டுத் தென்னையோலைத் தோரணமும், ஓலைக் கிளியும் அதற்குத் தூரமில்லை. பாட்டியை அருகில் உட்கார வைத்து இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம், பாட்டிக்கும் மகிழ்ச்சி.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் போய்வர முடிந்தவர்களுக்கு, தீவின் சுங்கை பும்புன் கிராமத்தில் மா மெரி பண்பாட்டுக் கிராமம் உள்ளது. கோம்பாக்கில் பூர்வகுடி அருங்காட்சியகமும் உண்டு. கிராமத்துக்குப் போனால், படம் எடுக்குமுன் கேட்டுவிட்டு எடுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பொருள் வாங்கினால் பேரம் பேசாதீர்கள். ஒரு சிலையைச் செதுக்கி முடிக்கப் பல நாள்கள் ஆகும்.