எண்பதும் இருபதும்

வயது ஏறினால் பல் விழுவது இயற்கையென்று நம்மவரிற் பெரும்பாலோர் எண்ணி வாளாவிருக்கின்றனர். வீட்டுப் பெரியவர் முதலில் முறுக்கையும் கடலையையும் விடுகிறார். பின்னர் கீரைத்தண்டையும் கொய்யாப்பழத்தையும் விடுகிறார். முடிவில் மோரிற் கரைத்த சோறே அவருக்கு ஆகாரமாகிறது. அவர் முறையிடுவதில்லை, நாமும் விசாரிப்பதில்லை. இது முதுமையின் கட்டளையன்று, பெரும்பாலும் அசிரத்தையின் பலனே என்பதை ஜப்பான் தேசம் காட்டியிருக்கிறது.

1989-ஆம் வருஷத்தில் அந்நாட்டுச் சுகாதார இலாகாவும் பல் வைத்தியர் சங்கமும் கூடி, எண்பது வயதில் இருபது பற்கள் என்பதை ஜனங்களுக்கு லட்சியமாக வைத்தன. மனிதனுக்குள்ள 32 பற்களில் 20 நிலைத்திருந்தால், ஏறக்குறைய எல்லா உணவையும் மென்று உண்ணலாமென்பதே இதன் கருத்து. அன்று அவ்வயதினரில் பத்தில் ஒருவருக்குக்கூட அத்தனை பற்கள் இல்லை. 2016-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பிலோ இருவரில் ஒருவருக்கு இருந்தன. இவ்வியக்கம் ஒன்றே இதற்குக் காரணமென்று நாம் சாதிக்கவில்லை. ஆயினும், ஒரு ஜனசமூகத்தின் பற்களைக் காக்க முடியுமென்பதில் இனிச் சந்தேகமில்லை.

மெல்ல முடியாதவன் பருப்பும் காய்கறியும் இறைச்சியும் குறைத்து, கஞ்சியால் வயிற்றை நிரப்புகிறான். தசை வற்றுகிறது, நடை தளர்கிறது. தீங்கு அம்மட்டோடு நிற்பதில்லை. அசுத்தமான வாயிலுள்ள கிருமிகள் உமிழ்நீரோடு நழுவி நுரையீரலிற் புகுந்தால் நிமோனியா உண்டாகிறது. ஜப்பானில் 11 முதியோர் விடுதிகளில் வைத்தியர்கள் இரண்டு வருஷம் ஆராய்ந்தனர். உணவுக்குப்பின் பல்லும் வாயும் துலக்கப்பட்டவர்களுக்கு நிமோனியாவும் அதனால் வரும் மரணமும் குறைந்தன. இம்முடிவு 1999-இல் வெளியாயிற்று. துலக்குவதற்குச் செலவு எவ்வளவு? ஒரு தூரிகை; சிறிது பொறுமை.

நாம் செய்யவேண்டுவதும் அரிதன்று. ஈற்றில் இரத்தம் கசிந்தால் அதை அற்பமென்று தள்ளலாகாது. பல் ஆட்டங்கண்டபின் வைத்தியரிடம் ஓடுவதில் பயன் குறைவு. புகையிலையை விலக்கவேண்டும். கட்டுப்பல் உடையோர் இரவில் அதைக் கழற்றிச் சுத்தஞ்செய்யவேண்டும். பல்லே இல்லாதவருக்கும் நாக்கையும் ஈறுகளையும் துடைத்தல் அவசியம். வறியவர்க்குக் கட்டுப்பல் கிடைக்கச் செய்வது தர்மமன்று, சர்க்காரின் கடமை. அதைக் கேட்டுப்பெறுவது பொதுக்காரியத்தில் இறங்கியவர்களின் பொறுப்பு.

மேடைகளில் மூத்தோரைப் போற்றுகிறோம். இன்றிரவு வீட்டில் அவர்களுடைய இலையைச் சற்றுக் கவனிப்போமாக. அவர்கள் எதை ஒதுக்குகிறார்கள் என்பதே நாம் எதில் தவறினோம் என்பதைச் சொல்லும்.