இரும்புக் கம்பியால் கண்டுபிடித்த வயல்கள்!

இந்த வாரம் நாம் போகப்போவது அயர்லாந்துக்கு. ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலில் இருக்கிறதே, அந்தத் தீவு. தலைநகரம் டப்ளினில் ரயில் ஏறினால், மூன்று மணி நேரத்துக்கு மேல் மேற்கே ஓடி, வெஸ்ட்போர்ட் என்ற சின்ன ஊரில் போய் நிற்கும். அதற்குமேல் தண்டவாளம் கிடையாது. இறங்குங்கள். இதுதான் மேயோ கவுண்டி. கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி.

மலை, ஏரி, ஆட்டு மந்தை, நினைத்தால் வந்துவிடும் மழை. மேயோவில் எங்கே பார்த்தாலும் இதுதான். மாளிகைகளும் உண்டு, அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது மண்ணுக்கு அடியில் இருக்கிறது!

வடக்குக் கடற்கரைக்கு வாருங்கள். இங்கே பெல்டெரிக் என்று ஒரு சிற்றூர். 1930-களில் பேட்ரிக் கால்ஃபீல்ட் என்பவர் அங்கே பள்ளி ஆசிரியர். அந்தப் பக்கத்தில் அடுப்பெரிக்க யாரும் காட்டுக்குப் போய் விறகு வெட்டுவதில்லை. மண்ணை வெட்டி வருவார்கள். மண் எரியுமா? எரியும்! அதற்கு டர்ஃப் என்று பெயர். மழை ஓயாத சதுப்பு நிலத்தில், செத்துப்போன செடிகள் முழுசாக மக்குவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று படிந்து, கறுப்பு அல்வா மாதிரி ஆகிவிடும். அதைச் செங்கல் செங்கலாக வெட்டிக் காயவைத்தால் எரிபொருள் ரெடி. ஆனால் இந்த அல்வா ஒரு மீட்டர் உயரம் சேர ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆகும்.

ஆசிரியர் டர்ஃப் வெட்டும்போது அடியில் கற்கள் தட்டுப்பட்டன. யாரோ அடுக்கிவைத்ததுபோல் இருந்தன. அவர் யோசித்தார். சதுப்பு மண் மேலே இருக்கிறது; கற்கள் அதற்கும் கீழே, பழைய தரையில் இருக்கின்றன. அப்படியென்றால் சதுப்பு உருவாவதற்கு முன்பே யாரோ இவற்றை அடுக்கியிருக்க வேண்டும். எத்தனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு?

அவருடைய மகன் ஷேமஸ் வளர்ந்து தொல்லியல் அறிஞர் ஆனார். அப்பாவின் கேள்விக்கு விடை தேடிக் கிளம்பினார். மொத்த நிலத்தையும் தோண்டிப் பார்க்க முடியுமா? அவர் எடுத்தது ஒரு நீளமான இரும்புக் கம்பி. சதுப்பில் குத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் ஆழமாக இறங்கும். சுவர் இருக்கும் இடத்தில் மட்டும் ‘டக்’கென்று பாதியில் நின்றுவிடும். அங்கே ஒரு மூங்கில் குச்சியை நட்டுவைக்க வேண்டும். இப்படியே குத்திக் குத்தி நட்டால், புள்ளிகளைச் சேர்த்துப் படம் வரைவோமே, அதுபோல் சுவரின் பாதை தெரிந்துவிடும்.

வெளிப்பட்ட படம் பிரமாண்டமானது. நீளநீளமான கற்சுவர்கள், குறுக்குச் சுவர்கள், நடுநடுவே வயல்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர்! ஆடுமாடு மேய்த்து, பயிர் வைத்த ஒரு சமூகம் திட்டம் போட்டு நிலத்தைப் பிரித்திருக்கிறது. வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல் என்கிறார்கள். ‘அவ்வளவு பழையது இல்லை’ என்று வாதாடும் ஆய்வாளர்களும் உண்டு. இதன் பெயர் ‘கேஜா வயல்கள்’. 1993-ல் பிரமிடு வடிவத்தில் இங்கே ஒரு காட்சியகம் திறந்தார்கள். அதன் நடுவில் சதுப்பில் கிடைத்த பைன் மரம் ஒன்று நிற்கிறது. அதற்கு வயது 4,000-க்கும் அதிகம்!

மறுபடி வெஸ்ட்போர்ட்டுக்கு வந்து, ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுங்கள். இங்கிருந்து அக்கில் தீவுப் பக்கம் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1937-ல் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாதைதான் இப்போது 40 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சைக்கிள் பாதை. பஸ், லாரி பயமில்லை. எதிர்க்காற்று மட்டும்தான் எதிரி.

அக்கிலில் ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் கூரையில்லாத கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. எண்பதுக்கும் மேல். ஆள் கிடையாது. சுற்றியுள்ள சரிவில் சீப்பால் வாரியதுபோல் வரிவரியாக மேடுகள் தெரிகின்றனவா? அவை உருளைக்கிழங்குப் பாத்திகள்.

ஏழைகளுக்குக் காலையிலும் ராத்திரியிலும் உருளைக்கிழங்குதான் சாப்பாடு. 1845-ல் ஒரு நோய் வந்து செடிகளை அழுகவைத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விடவில்லை. அயர்லாந்தில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். அப்போதும் நாட்டிலிருந்து தானியம் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. லட்சக்கணக்கானோர் கடல் தாண்டிப் போனார்கள். 1841-ல் மேயோவின் மக்கள்தொகை சுமார் 3 லட்சத்து 88 ஆயிரம். 2022-ல்? சுமார் 1 லட்சத்து 38 ஆயிரம்! முரிஸ்க் என்ற இடத்தில் இதற்கு வெண்கலத்தில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஒரு கப்பல், அதன் பாய்மரங்களைச் சுற்றி எலும்புக்கூடுகள். கிட்டே போய்ப் பார்த்தால் பேச்சு வராது.

குத்தகை கட்ட முடியாதவர்களை வீட்டைவிட்டே துரத்தினார்கள். மேயோவின் ஸ்ட்ரேட் கிராமத்தில் 1850-ல் அப்படித் துரத்தப்பட்ட ஒரு குடும்பத்தில் நாலு வயசுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் மைக்கேல் டேவிட். குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. பதினோரு வயதில் பஞ்சாலை இயந்திரத்தில் சிக்கி அவன் வலது கை போயிற்று. அந்த டேவிட்தான் பெரியவராகித் திரும்பி வந்து, 1879-ல் மேயோவில் விவசாயிகளைத் திரட்டினார். ‘நில லீக்’ பிறந்தது. ஸ்ட்ரேட்டில் அவருக்கு ஒரு மியூசியம் இருக்கிறது.

அடுத்த ஆண்டே ஒரு வேடிக்கை நடந்தது. மாஸ்க் ஏரிக்கரையில் ஒரு பிரபுவின் நிலங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஏஜென்ட், குத்தகையைக் குறைக்க மறுத்தார். ஊர் மக்கள் ‘டூ’ விட்டுவிட்டார்கள்! வேலைக்கு ஆள் வரவில்லை. கடையில் சாமான் தரவில்லை. பயிரை அறுக்க வெளியூரிலிருந்து 50 பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ராணுவமும் போலீசும் வந்தன. செலவு, விளைச்சலின் மதிப்பைவிடப் பல மடங்கு!

அந்த ஏஜென்ட்டின் பெயர் கேப்டன் சார்லஸ் பாய்காட். ஆமாம், அந்த ‘பாய்காட்’தான். நம் சுதந்திரப் போராட்டத்தில் அந்நியத் துணிகளைப் பகிஷ்கரித்தார்களே, அதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் வார்த்தை இவர் பெயரிலிருந்து வந்ததுதான். 1880 கடைசியில் அவர் மேயோவைவிட்டுக் கிளம்பியபோது, ஏற்றிச்செல்ல ஒரு வண்டிக்காரர்கூடக் கிடைக்கவில்லை. ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில்தான் போனார்.