உஷார்! மலையின் பெயரைச் சொல்லும் ஆப், பாதையைச் சொல்லாது

கொடைக்கானல், ஊட்டி, வால்பாறை, மூணாறு என்று மலையேறக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

பீக்ஃபைண்டர், பீக்விசர் போன்ற ஆப்களைப் பலர் போனில் வைத்திருக்கிறார்கள். மலைத்தொடர் பக்கம் போனைத் திருப்பினால் போதும், ஒவ்வொரு சிகரத்தின் தலைக்கு மேலும் அதன் பெயர், உயரம், தூரம் எல்லாம் வந்துவிடும். எந்த மலை எது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான கருவி. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால், "அதோ, பக்கத்தில்தான் இருக்கிறது, போய்விட்டு வந்துவிடலாம்" என்று அந்தத் திரையை நம்பிக் காலை எடுத்து வைக்கிறார்களே, அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

பனியிலும் மலை தெரியும்!

இந்த ஆப் தன் படத்தை வரைவதற்குக் கண்ணெதிரே இருக்கும் மலையைப் பார்க்க வேண்டியதே இல்லை. நீங்கள் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்தும், திரும்பியிருக்கும் திசையைப் போனின் திசைகாட்டியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே இருக்கும் உயரக் கணக்குகளை வைத்து, அங்கிருந்து பார்த்தால் என்ன தெரிய வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டுகிறது. அவ்வளவுதான்.

அதனால் மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நேரத்திலும் திரையில் மலை பளிச்சென்று நிற்கும். பனி, இருட்டு, மழை, காட்டுத்தீ, யானைக்கூட்டம் எதுவும் அந்தக் கோட்டில் வராது. திரையில் தெளிவாகத் தெரிகிறதே என்று பனிக்குள் நடந்துவிடாதீர்கள். பனி விலகும் வரை நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

உயரக் கணக்கிலும் ஓட்டை உண்டு. உலகம் முழுக்கப் பயன்படும் உயரத் தரவுகளில் முக்கியமான ஒன்று, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி வந்து ரேடாரில் அளந்தது. அதில் நிலம் சுமார் 30 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம். அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் செங்குத்தான வெட்டு, ஓடைப் பள்ளம், பாறை இடுக்கு எல்லாம் சமதளமாகிக் காணாமல் போய்விடலாம். 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிகரத்தை அடையாளம் காட்ட இது போதும். காலுக்குக் கீழே பள்ளம் இருக்கிறதா என்று சொல்ல இது போதவே போதாது.

பத்து டிகிரி தப்பினால்...

போனின் திசைகாட்டியைக் கெடுக்க ஒரு சின்னக் காந்தம் போதும். மூடி போட்ட போன் கவரில் காந்தம் இருக்கிறது. காரில் போனை ஒட்டிவைக்கும் ஹோல்டரில் காந்தம் இருக்கிறது. ஜீப்பின் இரும்பு பானட்டில் சாய்ந்துகொண்டு போனை நீட்டினால், அந்த இரும்பே திசையை இழுத்துவிடும்.

திசை 10 டிகிரி தப்பினால் 20 கிலோமீட்டர் தூரத்தில் பெயர் சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப்போய் விழும். ஒரு சிகரத்தின் பெயர் அடுத்த சிகரத்தின் மேல் ஏறிக்கொள்ளும். போனோ சந்தேகமே இல்லாமல் காட்டும், நாமும் நம்பிவிடுவோம்.

கவரைக் கழற்றுங்கள். வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி நில்லுங்கள். போனைக் காற்றில் எட்டுப் போடுவதுபோல் சுழற்றுங்கள். பிறகு, உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு மலையையோ கோபுரத்தையோ நோக்கித் திருப்பிப் பாருங்கள். அங்கே பெயர் சரியாக வந்தால்தான் மற்றதை நம்பலாம். பொருந்தாவிட்டால், திரையிலுள்ள கோட்டை விரலால் இழுத்து நிஜ மலையோடு பொருத்திக்கொள்ளும் வசதி பீக்ஃபைண்டரில் இருக்கிறது.

"நாலு கிலோமீட்டர்தானே?"

மூணாறு பக்கமுள்ள கொழுக்குமலையில் நின்று பார்த்தால் மீசைப்புலிமலை கிட்டத்தில் தெரியும். உயரம் 2,640 மீட்டர்; நேர்கோட்டுத் தூரம் சில கிலோமீட்டர்தான். ஊரில் நாலு கிலோமீட்டர் என்றால் ஒரு மணி நேர நடை. ஆனால் ஆப் காட்டுவது காற்றில் போட்ட கோடு. நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கு, ஆள் உயரப் புல், சோலைக்காடு, காட்டுமாடு எதுவும் அந்த எண்ணில் இல்லை. அங்கே பாதை உண்டா, போக அனுமதி உண்டா என்பதும் இல்லை. மீசைப்புலிமலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகம் மூணாறு பக்கத்திலிருந்து வழிகாட்டியோடு அழைத்துப் போகிறது. அப்படித்தான் போக வேண்டும்.

அதே கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் சரிவில், 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் கொடுமைக்கும் இந்த ஆப்களுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் கோடையில் காய்ந்து கிடக்கும் புல்சரிவு எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை எந்தத் திரையும் முன்கூட்டிச் சொல்லாது. வனக்காவலருக்குத் தெரியும், அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். அவர்களைக் கேளுங்கள்.

கண் திரையில், கால் விளிம்பில்

கொடைக்கானலில் வட்டக்கானல் வழியாகப் போய்ச் சேரும் டால்பின் நோஸ் பாறையை நினைத்துக்கொள்ளுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, பக்கங்களில் பாதாளம். அங்கே ஒருவர் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி மெல்லச் சுற்றுகிறார். உடம்பு திரும்பினால் காலும் கூடவே நகரும். பெயர்களைப் படிக்கும் ஆர்வத்தில் கால் எங்கே வைக்கிறோம் என்பது மறந்துபோகும். பாசி படிந்த ஈரப்பாறையில் அரையடி சறுக்கினாலே முடிந்தது.

இந்த ஆப்பை விளிம்பிலிருந்து பத்தடி உள்ளே வந்து பயன்படுத்துங்கள். முடிந்தால் உட்கார்ந்துகொண்டு பாருங்கள். பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்தால் அவர்கள் தோளை விடாதீர்கள்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

* அந்தப் பகுதிக்கான தரவை ஊரிலேயே இறக்கிவையுங்கள். மேலே சிக்னல் கிடைக்காமல் போகலாம்.

* கேமராவும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து சார்ஜைக் குடித்துவிடும். குளிர் கூடினால் பேட்டரி இன்னும் சீக்கிரம் இறங்கும். போனைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வையுங்கள், பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112 அழைக்கவும் அதே போன்தான் வேண்டும்.

* உதவி கேட்கும்போது ஆப் காட்டும் சிகரத்தின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். உள்ளூரில் அந்த மலைக்கு வேறு பெயர் வழங்கலாம். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படித்துச் சொல்லுங்கள்.

* மலையை அடையாளம் காட்ட இருப்பிடமும் கேமராவும் போதும். காண்டாக்ட், எஸ்எம்எஸ் பார்க்க அனுமதி கேட்கிற ஆப் என்றால் உடனே நீக்குங்கள்.

* தமிழ்நாட்டில் மலையேற, 2024-ல் 40 வழித்தடங்களோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் இருக்கிறது. பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள். தீ அபாயக் காலத்தில் பாதையை மூடினால், அன்று எந்தக் காரணம் கொண்டும் ஏறாதீர்கள்.

* எந்த மலைக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மலையின் பெயரை ஆப்பிடம் கேளுங்கள். போகலாமா, வேண்டாமா என்பதை வழிகாட்டியிடமும் வானத்திடமும் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால், திரையில் என்ன தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். இதை உங்களோடு மலைக்கு வருகிறவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.