உங்களுக்குத் தெரியுமா? திரையைப் பார்த்தும் நடை பழகலாம்

தலையில் அடிபட்டோ பக்கவாதத்தாலோ மூளை பாதிக்கப்பட்டவருக்கு, கை கால் வலு திரும்பிய பிறகும் தள்ளாட்டம் போகாமல் இருக்கலாம். கண், உட்காது, பாதம் மூன்றும் அனுப்பும் செய்திகளை மூளை சேர்த்துப் பார்த்தால்தான் உடம்பு நிலையாக நிற்கும். திரையில் தெரியும் காட்சிக்கேற்ப உடலை அசைக்கும் மெய்நிகர் பயிற்சி பழக்குவது இதைத்தான். எடையை உணரும் பலகைமேல் நிற்பவர் எடையை இடப்பக்கம் சாய்த்தால் திரையிலுள்ள உருவமும் இடப்பக்கம் நகரும். பிசகு அந்தக் கணமே கண்ணுக்குத் தெரியும். சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில் பூந்தமல்லி சாலையைக் கடக்க, தலையைத் திருப்பி வண்டிகளைப் பார்த்தபடியே நடக்கவும் வேண்டும். அந்தச் சாலையிலேயே போய் அதைப் பழக முடியுமா? திரைமுன் ஆபத்தில்லாமல் பழகலாம்.

பக்கவாதம் பற்றிய 72 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு காக்ரேன் மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை, சமநிலையில் மெய்நிகர் பயிற்சி வழக்கமான பயிற்சியை விஞ்சவில்லை என்றது. பிறகு எதற்குச் செலவு என்று கேட்பது நியாயமே. பிசியோதெரபிக்குப் பதிலாக வைத்தால் கூடுதல் பலன் இருப்பதாக அந்த அறிக்கை காட்டவில்லை. ஆனால் அலுப்பூட்டும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்க, அதோடு சேர்த்துக் கொடுப்பதில் பொருள் உண்டு. செலவைக் குறைக்கவும் வழி உண்டு: காந்திநகர் ஐஐடி ஆய்வாளர்கள் வீடியோ கேம் பலகையைக் கொண்டே இப்படியொரு பயிற்சியை உருவாக்கினார்கள். வலிப்பு, தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.