துறைமுகங்களை இடம் மாற்றிய ஆறு

ஓர் ஊரின் வளர்ச்சிக்கும் தாழ்வுக்கும் அரசியல் மாற்றங்களே காரணம் என்று கருதுவது வழக்கம். ஆனால் இயற்கையின் பங்கு அதனினும் பெரிதாக இருப்பதும் உண்டு. தாமிரவருணியின் முகத்துவாரத்தில் அடுத்தடுத்துத் தோன்றி மறைந்த துறைமுகங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

இவற்றுள் முதலாவது கொற்கை. பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய இவ்வூரின் முத்துகள் சங்க இலக்கியத்தில் புகழப்படுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூலும் இங்கு நடைபெற்ற முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. இன்றோ கொற்கை, கடலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே, வயல்கள் சூழ்ந்த ஒரு சிற்றூர்.

இம்மாற்றத்தின் காரணம் எளிதில் விளங்கக்கூடியதே. பொதிகை மலையில் பிறக்கும் தாமிரவருணி, இரு பருவமழைகளாலும் வெள்ளம் பெறுவது. மலையிலிருந்து வரும் வண்டல், சரிவு குறைந்த சமவெளியில் நீரின் வேகம் தணியுமிடத்தில் படிகிறது. கடலலைகள் முகத்துவாரத்தில் மணல் திட்டுகளை எழுப்புகின்றன. நாளடைவில் ஆழம் குறைய, கலங்கள் கரையை நெருங்க இயலாமற் போகின்றன.

கொற்கை தூர்ந்தபின், கடலை நோக்கி அமைந்த காயல் வாணிபத்தைப் பெற்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, அரேபியாவிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் இத்துறையை நாடியதை எழுதியுள்ளார். காலப்போக்கில் காயலும் தூர்ந்து ‘பழைய காயல்’ ஆயிற்று. போர்த்துகீசியர் காலத்தில் முகத்துவாரத்தை ஒட்டிய புன்னைக்காயல் சிறப்புற்றது. தமிழ் அச்சின் முன்னோடியான அண்டிரிக் அடிகளார் அங்கு வாழ்ந்து, 1600-இல் மறைந்தார். பின்னர் அதன் வாணிபமும் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தது. 1658-இல் டச்சுக்காரர் கைப்பற்றியதும் தூத்துக்குடியையே.

தூத்துக்குடி ஆற்றின் வாயில் அமைந்ததன்று என்பது குறிப்பிடத்தக்கது. ஆற்றின் வண்டல் அதனை நேராகத் தாக்கவில்லை. எனினும் அங்கும் கரையோரக் கடல் ஆழமற்றதே. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, தோணிகளே சரக்குகளைச் சுமந்தன. அலைதடுப்புச் சுவர்களுடன் அமைந்த புதிய துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

வண்டலால் விளைந்தது இழப்பு மட்டுமே என்று கூறிவிடுவதும் பொருந்தாது. வணிகர் இடம்பெயர்ந்த பின்னரும் அங்கேயே தங்கிய மக்களுக்கு நெல்லும் வாழையும் தந்தது அதே வண்டல்தான். துறைமுகம் இழந்ததை உழவு ஓரளவு ஈடுசெய்தது.

இன்று நிலைமை வேறு. 1940-களில் பாபநாசத்திலும் 1950-களில் மணிமுத்தாற்றிலும் கட்டப்பட்ட அணைகள் பாசனத்துக்குப் பெரிதும் உதவுகின்றன. ஆயின் அணைகள் வண்டலையும் தேக்கி வைப்பன. ஆற்று மணலை அளவுமீறி அள்ளினால், கடற்கரைக்குச் சேரவேண்டிய மணல் மேலும் குறையும். அன்று மிகுந்த மணல் துறைமுகத்தை மூடியது. இனி, குறைந்த மணல் கரையையே அரிக்கக்கூடும். எனவே ஆற்றையும், முகத்துவாரத்தையும், கடற்கரையையும் தனித்தனித் துறைகளின் பொருளாகக் கருதாமல், ஒன்றாக ஆராய்ந்து திட்டமிடுவதே கொற்கையின் வரலாறு கற்பிக்கும் பாடமாகும்.